பள்ளத்திகளும் மாரிமுத்துவின் போத்தல்களும்

மார்ச் 3, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. தைப்பிங் மழை என்னை அழைத்துப்போக இங்கே சிலிபினுக்கே வந்துவிட்டது போல. அங்கே மகள் வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம். நாளைக் காலை ரயில். குடைக் கைப்பிடி ஆடுகிறது, கட்டவேண்டும். வேட்டி இரண்டு, மகளுக்கு நிலக்கடலை.

மீன்களை யார் பார்ப்பது? பக்கத்து வீட்டு மாரிமுத்துதான். ரயில் பட்டறையில் வேலை. அவன் வீட்டுச் சுவரோரம் வரிசையாகப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சண்டை மீன்; சேர்த்துவிட்டால் கடித்துக் கொன்றுவிடும். மீன் என்றால் உயிர்.

என்னுடையவை ஏழு பள்ளத்திகள். நாகப்பட்டினத்திலிருந்து மண்ணெண்ணெய் டின்னில் கப்பலேறி, பினாங்கு வழியாக வந்தவை. மஞ்சள் உடம்பு, சிவப்புப் புள்ளிகள், விலாவில் ஒரு கரும்பொட்டு. மணி அடித்ததும் வெளியே ஓடும் இரண்டாம் வகுப்பு மாதிரி, ஒன்று திரும்பினால் ஏழும் திரும்பும்.

மாரிமுத்துவிடம் சொன்னவை: கொசுப்புழு இரண்டு வேளை. தண்ணீர் மாற்றினால் ஒரு கை உப்பு.

"சண்டை கிண்டை போடுமா, வாத்தியாரே?"

"சாதுப்பா. கூட்டமா இருக்கிற மீனு."

"பாப்போம் லா. மீன்னா மீன்தான்."

மார்ச் 6, வியாழன். தைப்பிங்
மழை. பிள்ளை போதகரின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சபையே சிரித்தது. மகள் முறைத்தாள், பிறகு அவளும் சிரித்தாள். ஆட்டுக்கறி கொஞ்சம் அதிகம். வயிறு மந்தம்.

மார்ச் 8, சனி
மதிய ரயிலில் வீடு. தொட்டி காலி. தண்ணீர் மட்டும் பளிச்சென்று.

ஜன்னல் கட்டையில் ஏழு சர்பத் போத்தல்கள். நடுவில் ஒன்றையொன்று பார்க்காதபடி அட்டை, அளவாக வெட்டியது. போத்தலுக்கு ஒரு மீன். ஏழாவதில் மீன் இல்லை. மற்றவை மஞ்சள் போய்ப் புகைக்கரி நிறத்தில் அடியில் கிடந்தன.

வேலிப் பக்கமாக மாரிமுத்து வந்தான். சிரித்துக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"ரெண்டு மீனு வாயும் வாயும் கடிச்சிக்கிட்டு விடவே இல்ல, வாத்தியாரே. செத்துப்போவுமேன்னு பிரிச்சேன். எதுக்கு வம்புன்னு எல்லாத்தையும் பிரிச்சிட்டேன். நேத்து ஒண்ணு போயிருச்சி. வாழ மரத்தடியில பொதச்சேன்."

"அது சண்டை இல்லப்பா. ஜோடி சேர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் வாயப் பிடிச்சு இழுத்துப் பாக்கும். கல்யாணப் பேச்சு."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காப்பி வேண்டாம் என்று போய்விட்டான். போத்தல் ஒவ்வொன்றிலும் உப்பு சரியாக இருந்தது. புழுவும் போட்டிருக்கிறான், தின்னாமல் நெளிகின்றன.

ஆறையும் தொட்டியில் விட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு
வெயில். கோயிலில் பிரசங்கம் நீளம். மீன்கள் ஆளுக்கொரு மூலை. புதிதாகச் சேர்த்த பிள்ளைகள் முதல் நாள் இப்படித்தான், ஒவ்வொன்றும் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு. அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் சாப்பிட மாட்டேன் என்கின்றனவே.

மாலை மாரிமுத்து வரவில்லை. அவன் பெண்சாதி அஞ்சலை வேலிக்கு அப்பாலிருந்து:

"வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்காரு. சோறு எறங்கல. நீங்க ஏசாம விட்டதுதான் கஷ்டமா இருக்காம். நாலு வார்த்த ஏசியிருந்தா தின்னுருப்பாரு."

எனக்கு ஏசத் தெரியாது என்பது இவ்வளவு பெரிய குறையா? ஆறு மீனும் ஒரு மனிதனும் பட்டினி.

மார்ச் 11, செவ்வாய்
மதியம் இரண்டு சேர்ந்தன. பிறகு மூன்று. விளக்கேற்றும் நேரத்தில் ஆறும் ஒன்றாக. கொசுப்புழு போட்டேன், ஒன்று மிச்சமில்லை! மஞ்சள் திரும்புகிறது. வேலிக்கு மேல் எட்டிக் கூப்பிட்டுச் சொன்னேன். உள்ளே பாத்திரம் உருண்ட சத்தம் மட்டும்.

குடை மறுபடி ஆடுகிறது.

மார்ச் 13, வியாழன்
பெரியவை இரண்டும் மறுபடி வாயும் வாயும். இழு, தள்ளு, இழு. பார்க்கச் சண்டைதான். மாரிமுத்து மேல் என்ன தப்பு? மாலையில் இரண்டும் தொட்டிக்குள் கிடக்கும் உடைந்த பூச்சட்டித் துண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தன.

மார்ச் 14, வெள்ளி
சட்டித் துண்டில் முட்டை! தேன் நிறம், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் பெற்றவர்கள் மற்ற நாலையும் ஒரு மூலைக்கு விரட்டி விரட்டி அடிக்கிறார்கள். ஒன்றுக்கு வால் கிழிந்துவிட்டது. பெரிய சாதுக்கள்! இப்போது நிஜமாகவே பிரிக்கவேண்டும். என்னிடம் இருப்பது டம்ளரும் சோற்றுப் பானையும்.

நானே போய் அவன் வாசலில் நின்றேன்.

"மாரிமுத்து, மீனப் பிரிக்கணும். பெரிய போத்தல் இருக்கா?"

"கேலி பண்ணாதீங்க, வாத்தியாரே."

"கேலி இல்ல. வந்து பாரு."

அஞ்சலை உள்ளேயிருந்து, "போங்களேன். இங்க உக்காந்து அட காக்கிறீங்களா?"

கடைப் பிஸ்கட் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தான். தொட்டிமுன் குந்தினான்.

"மாத்தி மாத்தி முட்டைக்கு விசிறுதுங்க, பாருங்க. ஒண்ணு போனா ஒண்ணு நிக்குது."

பிறகு வலையை எடுத்தான். என் கை இவ்வளவு சுத்தமாகப் பிடிக்காது. நாலும் வலையில். போத்தல்மேல் பிடித்துக்கொண்டு, விடாமல், என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நாலும் ஒரே போத்தல்லதானே, வாத்தியாரே?"

"ஒரே போத்தல்லதான்."

"இல்ல, கேட்டுக்கிட்டேன் லா."

காப்பி இரண்டு டம்ளர் குடித்தான்.