ஒரு கேள்விக்கு முப்பத்தாறு நிமிடம்

திருச்செங்கோடு, 1943 மார்ச் 9

ஆம், வேண்டுமென்றேதான். சண்டைக்காகச் சர்க்கார் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி முன்னே தள்ளச் சொன்னால் நானும் தள்ள வேண்டுமா? இந்த வீட்டில் பழைய மணிதான். பி.ஏ. படித்தவளின் சத்தியாக்கிரகம்.

அண்ணன் மனைவி வசந்தாமணிக்கு — எனக்கு அவள் நங்கையா — சரித்திரம் நன்றாகவே வருகிறது. ஆனால் முதல் கேள்வியிலேயே மூழ்கிவிடுகிறாள். பரீட்சையில் மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி. ஒன்றுக்கு முப்பத்தாறு நிமிடம். முடியாவிட்டாலும் அடுத்ததற்குத் தாவ வேண்டும். அப்படித்தான் பழக்குகிறேன்.

"பாதியில உட்டுப்போட்டா திப்பு சுல்தான் கோவிச்சுக்க மாட்டாருங்களா, அம்மிணி?"

"அவரு செத்து நூத்திநாப்பது வருசமாச்சு. தாவுங்க நங்கையா."

மார்ச் 17

அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஒரே வாட்டிதான். பாஸானா வாத்தியார் டிரெயினிங்குக்குப் போகட்டும். இல்லீன்னா புஸ்தகத்தைக் கட்டி வெச்சுப்போட்டு ஊட்டு வேலையைப் பாக்கோணும்."

மார்ச் 23

நாளை பரீட்சை தொடக்கம். முதல் நாளே சரித்திரம்.

"பத்து மணின்னா எந்த மணிங்க, அம்மிணி?"

நான் படித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல், "நம்ம மணிதான்" என்றேன்.

மார்ச் 24

நம்ம மணி!

நம்ம மணிப்படி இருபது நிமிடம் முன்கூட்டியே அவள் போய்ச் சேர்ந்தபோது, சர்க்கார் மணிப்படி பரீட்சை தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மேற்பார்வையாளர் இரக்கப்பட்டு உள்ளே விட்டாராம்.

"நீங்க சொன்னாப்பலயே முப்பத்தாறு முப்பத்தாறு நிமிசமாப் பாத்து எழுதினனுங்க. அஞ்சாவதுக்கு நேரமில்லாமப் போச்சு."

இருக்கிற நேரத்தை ஐந்தாக வகுத்துக்கொள் என்று நான் சொல்லித் தரவில்லையே.

அண்ணன் சிரித்தார். "மணி பாக்கத் தெரியாதவளுக்குச் சரித்திரம் ஒரு கேடா!"

நங்கையா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 25

தப்பு என்னுடையது என்று அண்ணனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

இன்றும் இல்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து முள்ளை ஒரு மணி தள்ளினேன் — திருடியைப் போல. சிறைக்குப் போனவர்கள் தங்கள் காலத்தைக் கொடுத்தார்கள். நான் கொடுத்தது அவளுடையதை.

மே 29

முடிவு வந்தது. மற்றதெல்லாம் தேறிவிட்டாள். சரித்திரத்தில் ஆறு மார்க் குறைவு. அந்த ஐந்தாவது கேள்வியில் பாதி எழுதியிருந்தால் போதும்.

அண்ணன் புத்தகங்களைக் கட்டக் கயிறு கேட்டார். அப்போது சொல்லிவிட்டேன்.

"உன்ர வீம்புக்கு இவ தலைதான் கெடச்சுதா?"

நங்கையா அதிரவேயில்லை. "அன்னைக்கே தெரியுமுங்க, அம்மிணி. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

அறுபத்தாறு நாள் பார்த்திருக்கிறாள். அத்தனை நாளும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

மே 31

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. ஆனால் புத்தகங்களைக் கட்டவில்லை; இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அடுத்த பரீட்சைக்கு நங்கையாவின் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அவள் படித்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உலை வைத்தேன்.