நின்னு பாத்த மனை

திருவொற்றியூர்,
மே 12.

அன்பு மகள் சினேகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, இப்போது எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். நாம் பேசும்போதெல்லாம் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். பேச முடியாத மனிதரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே பேச எனக்கு வாய் வரவில்லை. நீயும் எனக்கு எழுத்திலேயே பதில் போடு.

முதலில் அவர் உடம்பைச் சொல்லிவிடுகிறேன். குரல்வளையை எடுத்த இடம் நன்றாக ஆறிவிட்டது. கழுத்துத் துளையைச் சுத்தம் செய்ய அவரே கற்றுக்கொண்டார். தொண்டையில் வைத்துப் பேசும் கருவியை ஒரே ஒரு நாள் வைத்துப் பார்த்தார். வண்டு கத்துகிற மாதிரி இருந்தது. அலமாரிக்குள் போட்டுவிட்டார். இப்போது கைதட்டித்தான் கூப்பிடுகிறார். மற்றதெல்லாம் போனில் தட்டிக் காட்டுகிறார், அதையும் அப்படியே அவர் பாஷையில். போன வாரம் டாக்டர், துளைக்குள் தண்ணீர் போனால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும், இனிமேல் கடலும் கூடாது, மழையும் கூடாது என்றார். அப்பா போனைத் தட்டி டாக்டரிடம் நீட்டினார். ‘கடலு எனுக்கு எப்பவுமே ஆவாது சார். மயையுமா?’ என்று இருந்தது. டாக்டர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ சேர்த்துவைத்திருக்கும் அப்பாவின் பழைய டிவி நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவு முழுவதையும், ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ஜெஸ்வின் மாமா உன்னிடம் கேட்டிருக்கிறான். அப்பாவின் குரலைக் கணினியில் செய்து புது மனைப்பிரிவுக்கு விளம்பரம் போடப்போகிறார்களாம். அப்பாவுக்குச் சம்மதமா என்று நீ கேட்டாய். சம்மதம் என்றுதான் அவர் சொல்கிறார். ஆனாலும் அனுப்ப மாட்டேன் என்று நீ சொல்ல வேண்டும், சினேகா. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த அப்பா டிவியில் வந்த அப்பா. ஊதாச் சட்டை, வெள்ளை ஷூ, மனைப்பிரிவின் தண்ணீர்த் தொட்டியில்கூடத் தன் முகத்தை வரையச் சொன்ன மனிதர். நான் பார்த்த குமாரவேல் வேறு. குப்பத்தில் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை, ஆனால் படகில் ஏறினால் வாந்தி. ‘மீனுக்குச் சோறு போடுற மீனவன்டா இவன்’ என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்களாம். அதனால் கரையில் பிழைக்க வந்தார். மணலி, எண்ணூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தார். ராயபுரத்தில் உன் தாத்தாவின் மொத்தக் கடைக்கு வந்து, சரக்கு லாரியில் வருகிறவர்களிடம் வீடு வேண்டுமா என்று விசாரிப்பார். நான் அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். ‘அந்தப் பையன் நல்லது சொன்னாக்கூடச் சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு’ என்று என் அம்மா சொல்வார். எனக்கு அந்தப் பேச்சுதான் பிடித்தது.

அவர் விற்ற முதல் மனை சடையங்குப்பத்துப் பக்கம். கோடையில் பார்த்தார், கோடையில் விற்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கஸ்பார் அண்ணன் வாங்கி வீடு கட்டினார். அந்த ஐப்பசியில் தண்ணீர் ஜன்னல் வரை நின்றது. அப்பாதான் குப்பத்திலிருந்து படகைக் கொண்டுபோய் அந்தக் குடும்பத்தை ஏற்றிவந்தார். கஸ்பார் அண்ணன் திட்டவே இல்லையாம். படகில் உட்கார்ந்துகொண்டு, ‘இன்னாபா, வூடு குடுத்த, போட்டும் நீயே குடுத்துட்ட’ என்றாராம். திட்டியிருந்தால் மறந்திருப்பேன் என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

அதற்குப் பிறகு மழையில் நின்று பார்க்காத நிலத்தை அவர் விற்றதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நிற்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்ப்பார். அதைத்தான் டிவிக்காரர்கள் நிகழ்ச்சியாக்கினார்கள். மற்றவர்கள் நடிகர்களைக் கூட்டிவந்து புல்வெளியில் நடக்கவிட்டபோது, இவர் சேற்றில் நின்று, ‘நா நின்னு பாத்துட்டேன், நீ வந்து குந்து’ என்றார். அந்த ஒரு வரியில்தான் எர்ணாவூரிலிருந்து புளியந்தோப்பு வரை ஜனங்கள் அவரை நம்பி வந்தார்கள். இன்றைக்கும் கோயில் வாசலில் செல்ஃபி எடுக்கிறவர்கள் அந்த வரியைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர் கையால் நிற்பது போலவும் உட்காருவது போலவும் காட்டுகிறார். அவர்கள் கைதட்டுகிறார்கள்.

ஜெஸ்வின் மாமா கெட்டவன் இல்லை. புது மனைப்பிரிவு நிலத்துக்கு எல்லா அனுமதியும் முறையாக வாங்கியிருக்கிறான். அப்பாவின் குரல் நின்றதும் ஆபீஸ் போன்களும் அடங்கிவிட்டன. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு வேலை தேடுகிறார்கள். ஆடிப்பெருக்குக்குள் விற்பனையைத் தொடங்கியாக வேண்டும் என்கிறான். நிலம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் போன கார்த்திகையில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நிலத்தை அவர் மழையில் பார்க்கவில்லை.

முதலில் செய்த குரலைக் கேட்டாயா? ‘நான் நின்று பார்த்துவிட்டேன், நீங்கள் வந்து அமருங்கள்’ என்றது. அப்பா சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். ‘இவன் இன்னாடா, நூஸ் வாசிக்கிறவன் எனுக்குப் பொறந்த மாறி கீறான்’ என்று தட்டிக் காட்டினார். யூடியூபில் இருப்பதில் பாட்டு கலந்திருக்கிறது, சுத்தமான பதிவு உன்னிடம்தான் இருக்கிறது என்று மாமா உன்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான். நீ மாதிரிக்கு அனுப்பிய சிறு துண்டை வைத்து இரண்டாவது தடவை செய்தார்கள். அதே வரி, அப்படியே அப்பா. மூக்கை உறிஞ்சுவதுகூட இருந்தது. ஆபீஸ் குரூப்பில் போட்டார்கள். அது யார் யாருக்கோ போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை செங்கொடி அத்தை ஓடிவந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக, மீன் கை கழுவாமல், ஒரு முழு வஞ்சிரத்தோடு. ‘அண்ணி, அண்ணனுக்குக் கொரல் வந்துட்ச்சாமே, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா’ என்று வாசலிலேயே அழுதாள், சிரித்தாள். உள்ளே போய் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ‘ண்ணா, ஒரு தபா பேசுண்ணா, “இன்னா செங்கொடி”ன்னு மட்டும் சொல்லு’ என்றாள். அப்பா வாயைத் திறந்தார். உண்மையாகவே முயற்சி செய்தார், சினேகா. கழுத்துத் துணி மட்டும் அசைந்தது.

அவள் கையை விட்டுவிட்டாள். கணினியில் செய்தது என்று நான் விளக்கினேன். அவள் அதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. ‘அப்ப அந்த எடத்துல நின்னு பாத்தது யாரு?’ என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. மகளுக்கு அங்கே ஒரு மனை வாங்குவதாக இருந்தாளாம், அதற்காகத்தான் கேட்டாள். மீனை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை நான், வேண்டாம் என்று சினேகாவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவர் போனை எடுத்து எதையோ தட்டினார், அழித்தார். பிறகு தட்டிக் காட்டினார். ‘பாப்பா ஆசையா செய்யுது. வாணான்னா மூஞ்சி சுண்டிப்பூடும். அனுப்பட்டும்.’

உனக்காகத்தான் அவர் சரி என்கிறார், கண்ணு. அப்பாவுக்குக் குரல் திரும்பக் கிடைக்கட்டும் என்றுதான் நீ செய்தாய். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் அவரால் மறுக்க முடியவில்லை. ஊரையே எதிர்த்துப் பேசிய மனிதர் உன்னிடம் மட்டும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சைக்கிள் கேட்டாய், வாங்கினார். டப்ளின் என்றாய், அனுப்பினார். அவர் சொல்ல மாட்டார். நீதான் சொல்ல வேண்டும். பதிவு அழிந்துவிட்டது, கிடைக்கவில்லை என்றெல்லாம் மாமாவிடம் பொய் சொல்லாதே. அனுப்ப எனக்கு மனமில்லை என்று நேராகச் சொல்.

ஆபீஸ் என்ன ஆகும் என்று கேட்பாய். ஐப்பசி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். மழை வரட்டும், அந்த நிலத்தில் நான் போய் நிற்கிறேன் என்று ஜெஸ்வினிடம் சொன்னேன். அப்பா கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்து பார்க்கட்டும். தண்ணீரைப் பார்க்க அவருக்குக் கண் போதும். சேறு என்றால் எனக்கு அருவருப்பு என்று உனக்குத் தெரியும். நிற்பேன். மாமா சிரிக்கிறான். ‘அக்கா, நீ பேசினா வகுப்பெடுக்கிற மாதிரி இருக்கும், எவன் வந்து மனை வாங்குவான்’ என்கிறான். வாங்காமல் போகலாம். ஆபீஸ் பிள்ளைகள் சிலரை நாம் இழக்கலாம். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உன் பதில் வந்த பிறகு சொல்கிறேன்.

கடைசியாக எனக்காக ஒன்று. ஒவ்வொரு படப்பிடிப்பு முடிந்ததும் மைக்கை அணைக்க மறந்துவிடுவார்கள். அவர் நனைந்து வந்து வேனுக்குள் இருக்கும் என்னைக் கூப்பிடுவார், ‘சுஜா, டவல குடுமே’ என்று. உன்னிடம் இருக்கும் பதிவுகளில் எங்கேயாவது அது இருக்கும். நேரம் கிடைக்கும்போது தேடு. அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பு. சரிசெய்யாதே, மழைச் சத்தத்தை எடுத்துவிடாதே. அவர் தூங்கிய பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

அங்கே தினமும் தூறுகிறது என்கிறாய். தலையை நனைக்காதே. கர்த்தரும் உன் அப்பாவின் வடிவுடையம்மனும் உன்னைக் காக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா
சுஜா குமாரவேல்