பக்கத்தில் நிற்பவளின் பெயர்

தில்லையடி, புத்தளம்.
1996 செப்டம்பர், வெள்ளிக்கிழமை.

என் சீனிம்மா,

அல்லாஹ் உன்னை எங்கே வைத்திருந்தாலும் அங்கே உனக்கு நிழலும் குடிக்கத் தண்ணீரும் தந்திருக்கட்டும். நான் சுகம். முழங்கால் நோவு இருக்கிறது, அது பழைய நோவுதான். நம் கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று உன்னைப் போல, கட்டிப் போட்டால் நிற்காது.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மூன்றாம் வகுப்போடு நின்ற பிள்ளை நான். பிழை இருந்தால் நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டால் போதும்.

நோன்பு மாதத்தில் விடியமுன் ஸஹர் சாப்பிட்டுவிட்டு கொழும்பு பஸ் ஏறினாய். நோன்பு திறக்க வந்துவிடுவேன் என்றாய். உப்பளத்தில் பெண்களுக்கு ஒரு பெண்ணையே கங்காணியாகப் போடப் போகிறார்கள், அதற்குத்தான் நேர்முகப் பரீட்சை என்றாய். அன்று காலை கொழும்பில் குண்டு வெடித்தது. நான் கஞ்சியை மூடி வைத்துக்கொண்டு வாசலில் இருந்தேன். முத்தலிபு கங்காணிதான் மறுநாள் போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார். அவர் வேலைக்குத்தான் நீ போட்டியாகப் போனாய், ஆனாலும் போனார். உயிரோடும் இல்லை, மைய்யித்தாகவும் இல்லை என்று வந்து சொன்னார். மௌலவி என்னிடம் மைய்யித் இல்லாமலே ஜனாஸா தொழலாம் என்றார். என் பிள்ளை நோன்பு திறக்க வருகிறேன் என்றுதான் சொன்னாள், வரமாட்டேன் என்று சொல்லவில்லையே என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை.

இப்போது உப்பளத்துக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் கந்தோரிலிருந்து அதிகாரி, அந்த மாத்தயா, பார்வையிட வந்தால் நாங்கள் முந்தானையை இழுத்துவிட்டு உப்புக் குவியலுக்குப் பின்னால் போய்விடுவோம். முத்தலிபு முன்னால் நின்று, இதெல்லாம் என்ட உப்பு மாத்தயா என்பார். மாத்தயாவும் அவர் தோளில் தட்டிவிட்டுப் போவார். வெயிலில் வாரினது நாங்கள். நீ வேலைக்கு வந்த முதல் மாதமே அதைப் பார்த்துவிட்டு, “ஒளிஞ்சு நிண்டா உங்கள ஆரு மேல தூக்கி விடுவா? உப்பு மட்டுந்தான் கண்ணுல படும்” என்றாய். உன் வேலைக்குப் பக்கத்தில் நில், முகத்தைக் காட்டு, பெயரைச் சொல் என்றாய். அதற்கு சாரா உம்மா வாயைப் பொத்திக்கொண்டு, “என்ட பேர என்ட மாப்பிள்ளையே இவ்வளவு காலத்துக்கும் சொன்னதில்ல, இனி மாத்தயாவுக்கு நான் சொல்லவா” என்று சிரித்ததும், பெண்கள் எல்லாரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

வேறு எவளாவது என்றால் கோபித்துக்கொண்டு போயிருப்பாள். நீ கொஞ்சம் யோசித்தாய். “சரி சாச்சி, உங்கட பேர நீங்க சொல்ல வேணாம். பக்கத்துல நிக்கிறவ சொல்லட்டும். நீங்க ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க” என்றாய். அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. சாரா உம்மா அஸீஸாவின் குவியலைக் காட்டி இது அஸீஸாட என்பாள், அஸீஸா ஓம் என்பாள். அஸீஸா என்னைச் சொல்வாள். நான் உன்னைச் சொல்வேன். நீ திரும்பி சாரா உம்மாவைச் சொல்வாய். அடுத்தவள் பெயரைச் சொல்ல யாருக்கும் வெட்கம் வரவில்லை. மாத்தயா முதல் தடவை கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அடுத்த தடவை அவரே எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்படிக் கண்ணில் பட்டதால்தான் உனக்கு அந்தப் பரீட்சைக்கே ஆள் அனுப்பினார்கள்.

நீ போன பிறகு உன் பாத்தியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். முத்தலிபுவும் விட்டுவிட்டார். இந்த வெயிலில் அதில் உப்பு விளைந்து, யாரும் வாராமல் கண்ணாடி போல் கிடந்தது. உச்சி வெயிலில் அந்தப் பக்கம் பார்க்க முடியாது, கண் கூசும்.

போன மாதம் ஒரு காலை நாங்கள் போனபோது அந்தப் பாத்தியின் வரப்பில் ஒரு குவியல் இருந்தது. சின்னதுதான், ஒரு கூடை இருக்கும். மறுநாள் கொஞ்சம் வளர்ந்திருந்தது. காவல்காரர் யாரையும் காணவில்லை என்றார். ஆமிக்காரர்கள் நிற்கிற பாதையைத் தாண்டி யார்தான் வர முடியும்? முதலில் அஸீஸாதான் எனக்காகச் செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் குர்ஆன் மேல் சத்தியம் பண்ணினாள்.

பிறகு ஒருநாள் குவியலின் உச்சியைப் பார்த்தேன். வேலை முடிந்ததும் நாம் பிஸ்மி சொல்லி உச்சியில் உள்ளங்கையை அழுத்திவிட்டு வருவோமே, அந்த அடையாளம் இருந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்த கை. நீ சின்னதில் அலுமாரிக் கதவில் நசுக்கிக்கொண்ட விரல். நான் என் கையை அதற்குள் வைத்துப் பார்த்தேன். என் விரல் நேராக நின்றது, பொருந்தவில்லை. சுற்றி உப்பெல்லாம் கொதித்தது, அந்த இடம் மட்டும் குளிராக இருந்தது, தண்ணீர்ச் சட்டியைத் தொட்டது போல.

ஒன்றை உனக்கு மட்டும் சொல்கிறேன். சில காலைகளில் நான் எழும்பும்போது என் கையில் புதிதாக உப்பு அறுத்த கீறல் இருக்கிறது. செருப்பில் ஈரம் இருக்கிறது. நான் எங்கும் போனதாக எனக்கு நினைவில்லை.

இந்தப் புதன்கிழமை மாத்தயா வந்தார். நீ கேட்டுப் போன அந்தக் கங்காணி வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை, பெண் ஒருத்தியும் முன்வராவிட்டால் முத்தலிபுவின் மருமகனைப் போடுவதாகக் கந்தோரில் கதை. அவன் வந்தால் நாங்கள் மறுபடி குவியலுக்குப் பின்னால்தான். அது முத்தலிபுவுக்கும் தெரியும். எங்களைப் பார்த்து, “இண்டைக்கு ஒழுங்கா நில்லுங்க பொண்டுகளே, பூனை மாதிரிப் பதுங்காம” என்று அவரே சத்தம் போட்டார்.

நின்றோம். முகத்தை மூடவில்லை. சாரா உம்மா தொடங்கினாள். இது அஸீஸாட என்றாள். அஸீஸா ஓம் என்றுவிட்டு, இது ஹவ்வா உம்மாட என்று என்னைக் காட்டினாள். நான் ஓம் என்றேன். அதோடு நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். வாய் பழகிவிட்டது, சீனிம்மா. இது ஹிதாயாட என்று உன் குவியலைக் காட்டிவிட்டேன்.

காற்று நின்றுவிட்டது, குவியல்களை மூட வைத்திருந்த தென்னோலைக் கிடுகு கூட அசையவில்லை. அப்போது ஓம் என்று கேட்டது. நீ சொல்கிற மாதிரியே, கடைசியில் கொஞ்சம் தூக்கி. அதற்குப் பின்னால் அதே குரல், இது சாரா உம்மாட குவியல் என்றது. சாரா உம்மா ஓம் என்று சொல்லிவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

மாத்தயா பயப்படவில்லை. அவருக்கு என்ன தெரியும்? சிரித்துக்கொண்டு முத்தலிபுவிடம் சிங்களத்தில், மற்றவர்களை எடுத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் இந்த வேலைக்குச் சரி, ஹிதாயாவைத் திங்கட்கிழமை கந்தோருக்கு வந்து ஒப்பம் வைக்கச் சொல்லு என்றார். போன வருஷத்து உன் முகம் அவருக்கு மறந்திருக்கும், எத்தனை முகம் பார்க்கிறவர். நீ காணாமல் போன கதையும் அவர் காதுக்கு எட்டவில்லை போல. முத்தலிபு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். இல்லை மாத்தயா என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

வாகனம் போன பிறகு நான் அஸீஸாவிடம், அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் என்னை விட்டு ஓரடி தள்ளி நின்று, “நீங்கதானே சொன்னீங்க மாமி. உங்கட வாய்தான் அசைஞ்சது. ஆனா சத்தம் அவட” என்றாள். மற்றவர்களும் அதையே சொல்கிறார்கள். எனக்கு வாய் திறந்த ஞாபகமே இல்லை. நாக்கில் உப்பு மட்டும் இருந்தது. அது இன்னும் போகவில்லை, தேத்தண்ணீர் குடித்தும் போகவில்லை.

பெண்களுக்கு என் மேல் பயமும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. சாரா உம்மா நேற்று பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “போ ஹவ்வா, நீ போகாட்டி நாங்க எல்லாரும் திரும்ப முதுகைத்தான் காட்டோணும்” என்று அழுதாள். முத்தலிபுவும் வந்தார். தன் மருமகனுக்கு வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், நீ திங்கட்கிழமை வா, நான் கந்தோர் வாசல் வரைக்கும் கூட வாறன் என்றார்.

எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை. நான் ஹவ்வா உம்மா, ஹிதாயா இல்லை என்று அங்கே சொன்னால், ஹிதாயா எங்கே என்று கேட்பார்கள். அதற்கு நான் ஒரு சொல் சொல்ல வேண்டிவரும். இத்தனை மாதமாக மௌலவியிடம் கூடச் சொல்லாத சொல். நான்தான் ஹிதாயா என்றால் உன் உழைப்பையும் பெயரையும் எனதாக்கிக்கொண்டவள் ஆவேன். முத்தலிபு அப்படிச் செய்தபோது நீ எவ்வளவு கோபப்பட்டாய். போகாமல் வீட்டில் இருந்தால், நீ சேர்த்து வைத்த பெண்கள் எல்லாரும் மறுபடி மறைந்துபோவார்கள்.

இன்று மத்தியானம் ஜும்ஆ முடிகிற நேரம் தனியாக உன் குவியலுக்குப் போனேன். யாரும் இல்லை. கைத்தடத்தில் கை வைத்தேன். இந்தத் தடவை என் சுண்டுவிரல் பொருந்தியது. எடுத்துப் பார்த்தேன், என் விரல் நேராகத்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்குப் போடுவது? உன் குவியலை மூடியிருக்கிற கிடுகுக்குக் கீழே வைக்கிறேன். மழைக்கு முன்னால் பார்த்துவிடு. உன் வெள்ளைச் சால்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமைக்கு. யாருக்கு என்று தெரியாமல்தான் மடித்தேன். அல்லாஹ் உன் கால்களுக்கு வழியைக் காட்டட்டும், என் வாய்க்கு உண்மையைத் தரட்டும், ஆமீன்.

உனக்காக இன்னும் கஞ்சியை மூடி வைக்கிற உன் உம்மா,
ஹவ்வா உம்மா.

திங்கட்கிழமை அங்கே ஹிதாயா என்று கூப்பிடுவார்கள். ஓம் சொல்ல நீ வருவாயா, மகளே, இல்லை நான் சொல்லிவிடவா?