மைலேஜ் குறைந்த சித்திரை

இன்று காலை காளிகாட்டிலிருந்து வாடகைக் காரில் வீடு திரும்பினேன். பின் சீட்டில் வெள்ளை டவல் விரித்திருந்தது. உட்கார்ந்ததும் என் கை தானாகப் போய் டவலின் ஓரத்தை விலக்கி, சீட்டின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. அது சாதாரண பெட்ரோல் வண்டி. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கீ ஹோலோ, மாசிமா?" என்று, என்ன ஆயிற்று என வங்காளத்தில் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவைத்தேன். உன்னைப் பற்றி அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஜாதவ்பூர் வருவதற்குள் முடிகிற கதையா? அதனால் உனக்கே எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன், சிரிக்காதே.

சிரிப்பாய், தெரியும். நான் இந்தக் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வங்காளம் கலக்காமல் நான் நாலு வாக்கியம் பேசிவிட்டால் நீ கைதட்டுவாய். நீயோ கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். இத்தனை வருஷத்தில் மீனைக்கூட வாங்கிச் சமைக்கப் பழகிக்கொண்டாயே தவிர, உன் 'ஏட்டி' மட்டும் மாறவே இல்லை. எதிர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு நீ அப்படிக் கூப்பிடுவது மாடிப்படி முழுக்கக் கேட்கும்.

உன் வீட்டுக்காரர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு வாங்கியது அந்த ஹைபிரிட் கார். பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும் வண்டி. மெதுவாக ஊர்ந்தால் எஞ்சின் நின்றுவிடும், பேட்டரியே தள்ளிக்கொண்டு போகும். பிரேக் பிடித்தால் பேட்டரி கொஞ்சம் நிறையும். அவர் போன பிறகு வண்டியை என்ன செய்வது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாய். அந்த வயதில் லைசென்ஸ் எடுத்தவளை நான் அதுவரை பார்த்ததில்லை. அதன் பிறகு உனக்கு மைலேஜ் ஒரு பைத்தியமாகவே ஆனது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று திரையில் வரும் எண்ணை, பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல வந்து சொல்வாய். "ஏட்டி, இன்னைக்கு இருபத்தி மூணு!" நான் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சித்திரையில் எல்லாம் தலைகீழானது. புத்தாண்டன்று நம் தமிழ்ச் சங்கத்துச் சாப்பாட்டுக்குச் சாம்பார் அண்டாவைப் பின் சீட்டில் வைத்து எடுத்துப் போனோம். திருப்பத்தில் கொஞ்சம் சிந்தி சீட்டில் கறை விழுந்தது. நீ அதை மூன்று தடவை கழுவினாய். பிறகு உன் வீட்டுக்காரருடைய எட்டு முழ வேட்டி ஒன்றை மடித்துச் சீட்டு முழுக்க விரித்து, நகராமலிருக்க இரண்டு பக்கமும் இறுக்கிச் செருகினாய். அந்த மாதமே இருபத்து மூன்று பதினாலாக இறங்கியது. வெயில் வேறு கொளுத்தியது. நீ சாப்பிடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

யோசனை சொல்ல ஆளா இல்லை! கீழ்வீட்டுத் தத்தா அண்ணன், நம் தத்தா-தா, பெட்ரோலில் கலப்படம் என்றார். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, பேட்டரிக்கு வயதாகிவிட்டது, வேறு மாற்ற வேண்டியதுதான் என்றார்கள். உத்தரவாத காலமும் முடிந்திருந்தது. புவனேஸ்வரத்திலிருந்து உன் மகன் சிவா போனில் ஒரேயடியாக முடித்துவிட்டான். "வித்துருவோம்மா. ஒனக்கு எதுக்கு இந்த வயசுல ஸ்டியரிங்கு? ஆப்புல கூப்பிட்டா வண்டி வாசலுக்கு வரப்போவுது." வாங்குகிற ஆளையும் பிடித்துவிட்டான். அடுத்த மாதம் நேரில் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

போனை வைத்துவிட்டு நீ என் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாய். உன்னை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. வண்டி போனால் நீ எங்கே போவதென்றாலும் இன்னொருவரைக் கேட்டுத்தான் போக வேண்டும். அதுதான் உனக்குச் சுட்டது. "வயசாயிட்டுன்னு சொல்லுதவன் இன்னும் ஒண்ணும் பாக்கலன்னு அர்த்தம்டி" என்றாய். "முதல்ல எல்லாத்தையும் பாக்கட்டும். ஒண்ணும் கிடைக்கலன்னா கடைசியா சொல்லட்டும் வயசுன்னு."

தொலைபேசி இலாகாவில் பழுது பார்க்கும் பிரிவில் காலமெல்லாம் உட்கார்ந்தவள் நீ. எந்த லைன் செத்துப்போனாலும் உங்கள் மேஜைக்குத்தான் வரும். அங்கே செய்ததையே இங்கேயும் செய்தாய். முதல் வாரம் டயரில் காற்று மட்டும் சரிபார்த்தாய், வேறெதையும் தொடவில்லை. அடுத்த வாரம், தத்தா-தாவின் மனம் கோணாமலிருக்க, வேறு பெட்ரோல் பங்க். அதன் பிறகு ஏசியை அணைத்துவிட்டு ஓட்டினாய். வைகாசி வெயிலில், கல்கத்தாப் புழுக்கத்தில்! பக்கத்து சீட்டில் நான் வெந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துத் தொலைத்தால் என்ன என்று கேட்டேன்.

"ஒரே நேரத்துல ரெண்ட மாத்துனா, எது சரியாக்குச்சுன்னு தெரியாமலே போயிரும்" என்றாய். "கண்ணாடிய எறக்கிக்கோ. காத்து வருதுல்லா?"

காற்று எங்கே வந்தது, பஸ் புகைதான் வந்தது. ஆனாலும் நான் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை, அதையும் நீ ஒத்துக்கொள்ள வேண்டும்.

சிவா வருவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது மாணிக்தலா சந்தையில் மாம்பழக் கூடை வாங்கினோம். பின் சீட்டில் வைத்தால் வேட்டியில் கறை படியும் என்று நீ கூடையை முன்னால் வைத்தாய். என்னைப் பின்னால் தள்ளினாய். மாம்பழத்துக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை. போகப்போக என் இடுப்புக்குப் பக்கத்தில் ஏதோ உறுமுவது கேட்டது. "பின்னாடி ஏதோ ஃபேன் ஓடற மாதிரி சத்தம் போடறதுடி" என்றேன்.

நீ அப்படியே ஓரம் கட்டினாய். பின்னால் வந்த மினிபஸ்காரன் நம் மூதாதையரையெல்லாம் விசாரித்தான். நீ காதிலேயே வாங்கவில்லை. பின் கதவைத் திறந்து என்னை எழுப்பிவிட்டு, குனிந்து காதை வைத்துக் கேட்டாய். வேட்டியைச் செருகிய இடத்தில் துணி உள்பக்கமாக உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாய். அதன் பின்னால், சீட்டின் பக்கவாட்டில், சின்னதாக ஒரு சல்லடை. அதன் மேல் வேட்டிப் பஞ்சு கம்பளிபோலப் படிந்திருந்தது.

தெருவில் நின்றபடியே எனக்கு விளக்கினாய். பேட்டரியைக் குளிர்விக்க அந்த வழியாகத்தான் காற்று போக வேண்டும். வழி அடைத்தால் பேட்டரி சூடாகும், ஃபேன் கத்தும். சூடான பேட்டரியை வண்டி அதிகம் வேலை வாங்காது. பாரம் முழுக்க எஞ்சின் தலையில் விழும், பெட்ரோல் கொட்டும். சர்வீஸில் இது ஏன் அகப்படவில்லை என்று கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். வண்டியை அங்கே விடும்போதெல்லாம் வேட்டியை எடுத்து மடித்து வீட்டில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். அவர் கட்டிய வேட்டியில் எவனும் கால் வைத்துவிடக் கூடாதாம். ஆக, நோயாளி ஆஸ்பத்திரியில், நோய் பீரோவில். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

"இருக்கும்போது பெட்ரோலுக்கு அப்படிக் கணக்குப் பாப்பாக. போனப்புறம் வண்டிய இப்படிக் குடிக்க வச்சுட்டாகளே!" என்றாய். சிரித்தோம். உன் கண் நிறைந்ததை நான் பார்க்காத மாதிரி மாம்பழத்தை எண்ணினேன்.

நானாக இருந்தால் அத்தோடு விட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருப்பேன். நீ விடவில்லை. பஞ்சைத் தட்டிச் சுத்தம் செய்து ஓட்டினாய். எண் ஏறியது. பிறகு, நான் கத்தக் கத்த, பழையபடி வேட்டியை விரித்துச் செருகினாய். எண் இறங்கியது. வேட்டியை எடுத்ததும் மறுபடி ஏறியது. "தானா சரியாயிட்டுன்னு நெனச்சா நாளைக்குத் திரும்ப வந்து நிக்கும். கெடுத்துப் பாத்தாத்தான் நிச்சயம்" என்றாய். என்ன பெண்ணடி நீ என்று அன்றைக்கு எனக்கு மார்பு விம்மியது. இப்போதும் விம்முகிறது.

சிவாவை ஹவுரா ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர நாம் இருவரும் போனோம். புதுப் பாலம் வழியாக வந்தால் விரைவில் வீடு சேரலாம். நீ வேண்டுமென்றே பழைய பாலத்தில் ஏறி, அதற்கப்புறம் படாபஜார் நெரிசலில் கொண்டுபோய் வண்டியை மாட்டினாய். கல்கத்தாவில் ஜாமுக்கு ஏங்கிய ஒரே ஓட்டுநர் நீதான். தள்ளுவண்டியும் மூட்டை தூக்குகிறவர்களும் சுற்றி நிற்க, எஞ்சின் மூச்சுவிடாமல் நம் வண்டி ஊர்ந்தது. சிவா முதலில் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். வீடு நெருங்கி லேக் தாண்டும்போது, "என்னம்மா, இருபத்தி நாலு காட்டுது?" என்றான். நீ ரொம்ப சாதாரணமாக, "ஆமா, அவ்வளவுதான் குடுக்கும்" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், இல்லாவிட்டால் வெடித்திருப்பேன். வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் அவன் வெளியே போய் யாருக்கோ போன் செய்தான். வண்டி விற்பதற்கில்லை என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அதன் பிறகும் பல வருஷம் ஓட்டினாய், அதே பேட்டரியில். உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து, மருத்துவமனையில் சேர வேண்டிய நாள் வந்தபோது ரயிலைப் பிடித்து வருவதாகச் சிவா கெஞ்சினான். தத்தா-தா ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்றார். நீ சேலை மாற்றிக்கொண்டு சாவியை எடுத்தாய். நான் பையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியில் ஒரு சிக்னலைக்கூட நீ அவசரப்பட்டுத் தாண்டவில்லை. வண்டியைக் கோட்டுக்குள் நேராக நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, நோயாளிகளைச் சேர்க்கும் மேஜை வரைக்கும் நடந்தாய்.

அங்கே இருந்த பெண் தலைநிமிராமல், நோயாளியை யார் அழைத்து வந்தது என்று வங்காளத்தில் கேட்டாள். "ஆமி" என்றாய். நான்தான் என்று. எழுதிக்கொண்டு, நோயாளி யார் என்று கேட்டாள். அதற்கும் "ஆமி" என்றாய். அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். உனக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேனே, என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் எங்கேயும் நின்றதில்லை. நீ அங்கிருந்து திரும்பவில்லை. ஆனால் உன்னை யாரும் கொண்டுபோகவில்லை, நீயாகத்தான் போனாய்.

எனக்குக் கார் ஓட்ட வராது. கண்ணில் புரை விழுந்திருக்கிறது, நாளைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். "யார்மா உன்னை அழைச்சிண்டு போவா?" என்று கவலைப்பட்டாள்.

"ஆமி" என்றேன்.