நண்டு கேட்ட கேள்வி

11 பெப்ரவரி 2025, செவ்வாய்

ஸ்ரூடியோவை நடத்துகிற நிலாம் இன்றைக்குப் புது வேலை தந்தார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பத்துக் கதை. ஒவ்வொன்றையும் திரையில் ஒரு பொம்மைப் பெண் சைகை மொழியில் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் புள்ளி ஒட்டிப் படம் பிடிக்கிற வசதி எங்கள் வெள்ளவத்தை ஸ்ரூடியோவில் இல்லை. மூன்று மேசையும் ஒரு வெள்ளைச் சுவரும்தான் இருக்கு. இப்போது அந்த வசதி தேவையும் இல்லை. ஃபோனில் எடுத்த சாதாரண வீடியோவைக் கொடுத்தால், மென்பொருளே ஆளின் தோள், முழங்கை, விரல் மூட்டு, புருவம் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, அந்த அசைவைப் பொம்மைக்குப் போட்டுவிடும். மிச்சத்தைத் திருத்துவது நான். மூன்று வருஷமாக இதுதான் வேலை. விளம்பரத்துக்கு பிஸ்கட்டை ஆடவைத்திருக்கிறேன், தேயிலைப் பெட்டியை நடக்கவைத்திருக்கிறேன்.

"விரல் வேலை கூட. ஒங்களுக்குத்தான் பொறும இருக்கு" என்றார் நிலாம்.

என் மகளுக்குக் காது கேளாது என்று அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. ஏன்?

13 பெப்ரவரி, வியாழன்

கதை சொல்ல வந்தவர் மஸாஹிரா. நாற்பது வயதிருக்கும். பிறவியிலேயே காது கேளாதவர். அப்படியான பிள்ளைகளுக்கே படிப்பிக்கிறார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்க அவருடைய தங்கை பர்ஹாவும் வந்திருந்தாள்.

முதல் பிரச்சினை மஸாஹிரா போட்டிருந்த அபாயா அங்கியின் அகலமான கை. மணிக்கட்டு எங்கே இருக்கிறதென்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. மஸாஹிரா தானாகவே சேஃப்டி பின் வாங்கிக் கையை இறுக்கிக்கொண்டார். இரண்டு ஃபோன், ஒன்று முன்னால், மற்றது பக்கவாட்டில்.

முதல் கதை ஒரு நண்டைப் பற்றியது. அது கொள்ளுப்பிட்டியில் ரயில் ஏறி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, "இது என்ட வீடா?" என்று கேட்டுக்கேட்டுக் கல்கிசை வரைக்கும் போகிறது. ஒரு சைகையும் தெரியாமலே நான் சிரித்துவிட்டேன். மஸாஹிரா முழு உடம்பாலும் நண்டாகிவிட்டார்.

என் மகள் ஜெனிற்றா பார்த்தால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தேன். உடனே, வேண்டாம் என்றும் நினைத்தேன். அவளுக்கு இரண்டு வயதில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அந்த ரீச்சர் சொன்னது இன்னும் காதுக்குள் இருக்கு. கையைப் பாவிக்க விடாதீங்க. கை பழகினால் வாய் வராது. ஆறு வருஷமாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். "மா" வந்தது. "பா" வந்தது. "தண்ணி" பாதி வந்தது.

18 பெப்ரவரி, செவ்வாய்

முதல் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பொம்மையின் கை வாழைப்பழச் சீப்பு மாதிரி. ஒரு கை மற்றதை மறைக்கிற இடத்தில் வலது இடதாக மாறிப்போகிறது. விரலெல்லாம் நடுங்குகிறது. நடுக்கம் போக ஸ்மூத் பண்ணினேன். அழகாக வந்தது. பாலில் கை அளைகிற மாதிரி மெதுவாக, இதமாக. நிலாமுக்கு நல்ல சந்தோஷம்.

25 பெப்ரவரி, செவ்வாய்

மஸாஹிரா பார்த்தார். சிரிக்கவில்லை. திரும்பவும் போடச் சொன்னார். பிறகு பர்ஹாவிடம் கனநேரம் கதைத்தார். அக்கா சொன்னதை அப்படியே சொல்லப் பர்ஹாவுக்குத் தயக்கம்.

"ராத்தா சொல்றா, இந்தப் புள்ளட வாய்க்குள்ள பஞ்ச அடச்சிட்டுக் கதைக்கச் சொன்ன மாதிரி இருக்காம்."

எனக்கு முகம் சுட்டது. எங்கே பிழை என்று கேட்டேன். மஸாஹிரா தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். கேள்வி கேட்கும்போது புருவம் உயர வேண்டும், தலை கொஞ்சம் முன்னுக்கு வர வேண்டும். அந்தச் சின்ன அசைவையெல்லாம் நான் நடுக்கம் என்று நினைத்து அழித்துவிட்டேன். அதனால் நண்டு ஒரு ஸ்டேஷனிலும் கேள்வியே கேட்கவில்லையாம். பம்பலப்பிட்டியில் இறங்கி, "இது என்ட வீடு" என்கிறதாம். வெள்ளவத்தையிலும் "இது என்ட வீடு". தெஹிவளையிலும் அதுவேதான்.

இதைச் சொல்லும்போதுதான் அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும் என்பதும் விளங்கியது.

3 மார்ச், திங்கள்

ஸ்மூத் கிடையாது. ஒரு செக்கனுக்கு இருபத்துநாலு படம், ஒவ்வொன்றாக. பக்கத்தில் மஸாஹிராவின் வீடியோவை நிறுத்திவைத்துக்கொண்டு பொம்மையின் விரலை மூட்டு மூட்டாக வளைக்கிறேன். வளைவு சரியோ என்று பார்க்க என் கையையும் அப்படியே வைத்துப் பார்க்கிறேன். இன்றைக்கு "வீடு", "எங்கே", "கடல்", "பயம்" நான்கும் என் கைக்கே வந்துவிட்டன. பஸ்ஸில் வரும்போது மடியில் பைக்குக் கீழே கை தானாக "எங்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

8 மார்ச், சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் பாணும் பருப்பும். என் கணவர் றொஹானுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை, காலை ஷிஃப்ட், ஏற்கெனவே போய்விட்டார். நான் யோசனையில் "கடல்" செய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஜெனிற்றா கோப்பையைப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். திரும்பவும் செய்து காட்டினேன்.

பிள்ளை பயந்துபோனாள். கதவைப் பார்த்தாள், அப்பா வருகிறாரோ என்று. பிறகு எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்து, மெதுவாக என் மடியில் வைத்து, மேலே தன் கையை வைத்து அமத்தினாள்.

நான் அவளுக்குச் செய்கிறது அது. அப்படியே அதேதான். தண்ணி கேட்க அவள் கையைத் தூக்கினால் நான் பிடிச்சு மடியில வைச்சு அமத்தி, வாயால கேள், வாயால கேள் எண்டு... எத்தனை தரம்? கடவுளே, எத்தனை தரம்.

9 மார்ச், ஞாயிறு

தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனேன். கடவுளிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

12 மார்ச், புதன்

மஸாஹிரா நோன்போடு வந்து மிச்சப் பதிவைச் செய்தார். முடிந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், காது கேளாது, அவள் கையைக் கட்டி வைத்தது நான்தான் என்று. பர்ஹா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, மஸாஹிரா என் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது பெயரை. ஜெனிற்றா என்றேன். எழுத்தெழுத்தாகக் கையில் செய்து பார்த்துக்கொண்டார்.

பர்ஹாதான் படிக்கட்டில் இறங்கும்போது, இறந்துபோன தாயைப் பற்றித் தனியாகச் சொன்னாள்.

"எங்கட உம்மா மவுத்தாகும் வரைக்கும் ராத்தாவோட 'சாப்பிட்டியா'க்கு மேல ஒண்டும் கதைக்கல்ல. ஆச இல்லாம இல்ல. தெரியாது. நீங்க இப்பவே தொடங்கிட்டீங்க தானே."

மகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் மஸாஹிரா. நண்டு சரியாகக் கதைக்கிறதா என்று பிள்ளைதான் சொல்ல வேண்டுமாம்.

15 மார்ச், சனி

றொஹானிடம் சொன்னேன். சண்டை என்று சொல்ல முடியாது, அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஆனால் முகம் வாடிவிட்டது. ஆறு வருஷம் பாடுபட்டு வந்த பேச்சு, கைக்குப் பழகினால் அதையும் விட்டுவிடுவாள் என்று பயப்படுகிறார். வேலை முடிந்து நான் வரும்போது பிள்ளை படிக்கட்டில் நின்று "பா" என்று கத்துவாள். அந்த ஒரு எழுத்துக்காகத்தான் வீட்டுக்கு ஓடிவருகிறேன் என்றார்.

அவர் சொல்கிறது பொய்யில்லையே.

18 மார்ச், செவ்வாய்

நிலாம் கணக்குப் பார்த்தார். மூன்று கிழமையில் ஒரு கதைதான் முடிந்திருக்கிறது. மற்ற ஒன்பதையும் ஸ்மூத் பண்ணி ஏப்ரலில் கொடுத்துவிடலாம் என்றார். படம் அழகாகத்தானே இருக்கு, இந்தச் சின்ன வித்தியாசம் யாருக்கு விளங்கப் போகுது?

"என்ட மகளுக்கு விளங்கும்" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்தார். மூன்று வருஷமாகப் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு சொல்லவில்லையே என்று மட்டும் கேட்டார். ஜூன் வரைக்கும் தவணை கேட்டுப் பார்க்கிறாராம்.

22 மார்ச், சனி

ஜெனிற்றாவைக் கூட்டிக்கொண்டு போனேன். றொஹான் வரவில்லை. ஆனால் அவளுக்குச் சப்பாத்துக் கட்டிவிட்டது அவர்தான்.

மஸாஹிரா கையை அசைத்ததும் பிள்ளை என் பின்னால் ஒளிந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் என் கையைத் தூக்கி, தெரிந்த நான்கு சொல்லையும் வரிசையாகச் செய்தேன். வீடு, எங்கே, கடல், பயம். கருத்தே இல்லை. அவள் என் கையைப் பிடித்து அமத்த வந்தாள். நான் விடவில்லை, திரும்பவும் செய்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு என் பின்னாலிருந்து வெளியே வந்து, மஸாஹிராவிடம் கையால் கதைக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படி எழுதுவேன். என் பிள்ளைக்கு இவ்வளவு கதை இருந்ததா? ஜெனிற்றாவின் வகுப்பில் அர்பா என்று ஒரு பிள்ளை, அவளுக்கும் அவளுடைய அண்ணனுக்கும் காது கேளாது, வீட்டில் சைகைதான். இரண்டு வருஷமாக இடைவேளையில் ரீச்சருக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளையிடம் படித்திருக்கிறாள். எனக்கும் தெரியாமல்தான். நண்டை இரண்டு தரம் பார்த்து, தெஹிவளையில் பெருவிரல் பிழை என்று காட்டினாள். போய்ப் பார்த்தேன். பிழைதான்.

வீட்டில் வாயைப் பார்த்துப் பார்த்துத் தலையிடிக்கும் என்றாளாம். பர்ஹா மெதுவாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு இடத்தில் பர்ஹா நிறுத்திவிட்டாள். என்ன, சொல்லுங்கோ என்றேன்.

"'நீங்க பெரிய ஆள் தானே, ஏன் ஒங்களுக்கு இன்னும் காது கேக்கல்ல?' எண்டு ராத்தாக்கிட்ட கேக்குறா."

வளர்ந்தால் கேட்கும் என்று நினைத்திருக்கிறாள். காது கேளாத ஒரு பெரிய ஆளை அவள் பார்த்ததே இல்லை. நாங்கள் காட்டவில்லை.

மஸாஹிரா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். எனக்குக் கேட்காது, உனக்கும் கேட்காது என்றார். பிறகு, எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கு, தனியாக ரயிலில் போவேன், மீன் நல்லாகப் பொரிப்பேன் என்றார். ஜெனிற்றா கதவைக் காட்டினாள். ஆரும் கதவில் தட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பெல்லை அமத்தினால் வீட்டுக்குள் லைட் மின்னும் என்றார் மஸாஹிரா. பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த கதையைப் போடச் சொன்னாள்.

நான் கோப்பை கழுவுகிற தொட்டியடியில் போய் நின்று அழுதேன்.

24 மார்ச், திங்கள்

றொஹானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கேள்வி உட்பட. தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கினார். பிறகு, கிரேனில் மேலே இருக்கும்போது ரேடியோ வேலை செய்யாவிட்டால் கீழே நிற்கிறவன் கையைப் பார்த்துத்தான் கொண்டெய்னரை இறக்குவேன், ஒருநாளும் பிழை வந்ததில்லை என்றார். யாருக்குச் சொன்னார், எனக்கா, தனக்கா?

கோப்பையை வைத்துவிட்டு, "அப்பாவுக்கு என்ன சைகை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நண்டுக் கதையில் அப்பா வரவில்லை.

ஜெனிற்றாவைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

31 மார்ச், திங்கள்

நோன்புப் பெருநாள். மஸாஹிரா வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். நல்ல இனிப்பு, றொஹான் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

14 ஏப்ரல், திங்கள்

லீவு. மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்து சைகை பழகுகிறோம். றொஹானின் விரல் தடிப்பு, எழுத்துகள் ஒன்றோடொன்று இடிபடுகின்றன. ஜெனிற்றா ரீச்சர் மாதிரி அவர் விரலைப் பிடித்து நிமிர்த்துகிறாள். "பா" என்று வாயாலும் சொல்கிறாள், கையாலும் சொல்கிறாள். அது போகவில்லை. அவரும் கவனித்தார்.

16 மே, வெள்ளி

மஸாஹிராவின் வகுப்பில் முதல் மூன்று கதையும் போட்டுக் காட்டினோம். நண்டு இறங்கி "இது என்ட வீடா?" என்று கேட்கக் கேட்க, இருபது பிள்ளைகளும் கையை வீசி "இல்லை, இல்லை" என்றார்கள். வகுப்பில் சத்தமே இல்லை, ஆனால் அவ்வளவு ஆரவாரம். நிலாம் பின்வரிசை வாங்கில் இருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

3 ஜூன், செவ்வாய்

ஏழாவது கதை. இப்போதெல்லாம் வீடியோவை நிறுத்தாமலே பாதி விளங்குகிறது.

26 ஜூன், வியாழன்

இன்றைக்கு நானும் ஜெனிற்றாவும் சண்டை பிடித்தோம்.

சனிக்கிழமை அர்பா வீட்டில் தங்க வேண்டுமாம், கல்கிசையில். இன்னும் அந்த வீட்டாரை நான் போய்ப் பார்க்கவில்லை, முதலில் நான் கதைக்க வேண்டும் என்றேன். கதைத்தால் ஓம் என்பீங்களா என்றாள். பார்ப்போம் என்றேன். நீங்கள் எப்பவும் பார்ப்போம் பார்ப்போம் எண்டுதான் சொல்லுவீங்க, அது பொய் என்றாள். பொய் என்று சொல்லக் கூடாது என்றேன். என் சைகையும் பிழை, அது "பொய்" இல்லை, "பூசணி" என்றாள். அதற்கு மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. வேகமாகச் செய்யத் தெரியாது, திக்கித் திக்கித்தான், ஆனால் எல்லாம் சொன்னேன். அவளும் சொன்னாள். அரை மணித்தியாலம். றொஹான் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கோப்பை கழுவப் போய்விட்டார்.

கடைசியில் நான் நல்லதொரு பதில் சொல்லக் கையைத் தூக்க, அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

முடிந்தது. என்னத்தைச் சொல்ல? எங்கே சொல்ல? எட்டு வருஷத்தில் எங்கட முதல் சண்டை, அதிலும் வென்றது அவள்.

இன்னும் திறக்கவில்லை. இமைக்குள் கண் உருளுகிறது, நான் இருக்கிறேனா என்று பார்க்க ஆசைதான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.