கேசரிக்குக் கொடுத்த கலர்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சங்கரிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டிவலியும் எங்களோடு சுகமாகவே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், அதனால் எழுதி, இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ எம்.எஸ். படிப்பைப் பாதியில் விட்டு, உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் உன் லோகாம்பாள் அத்தை ஒரு வளைகாப்புப் பந்தியில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி என்னை ஒரு கேள்வி கேட்டாள். ஏம்மா அம்சவேணி, இன்ஜினியருக்குப் படிக்க வெச்சீங்க, இப்ப ஊரான் சோத்த மோந்து பாத்துக்கினு இருக்குதாமே பொண்ணு, இதுக்கா கனடா போச்சு என்றாள். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் பதில் சொன்ன வாய் அன்றைக்கு ரசம் வேண்டுமா ரசம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டது.

ஏன் விட்டாய் என்று எனக்குத் தெரியும். உலர்த்துகிற இயந்திரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனாய், சோதனைக்குப் போட்ட வேர்க்கடலையில் ஒரு மூலையில் பூஞ்சை பிடித்திருந்தது, சூட்டுக் கணக்கு சரியாக இருக்கிறது, பூஞ்சை நம் துறை இல்லை என்றார் உன் பேராசிரியர், அப்படியானால் யார் துறை என்று நீ கேட்டாய். அந்த ஒரு கேள்வியில் உதவித்தொகை போனது. பிறகு பேக்கரியில் தட்டு கழுவினாய், சாயங்கால வகுப்பில் முதலிலிருந்து படித்தாய், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாய், இப்போது உன் கையெழுத்து இல்லாமல் அந்தக் கம்பெனியில் ஒரு டப்பா வெளியே போகாது. சொந்தக்காரர்கள் இதை வழி தவறிய கதையாகச் சொல்கிறார்கள். என் வகுப்பில் ஒரு கணக்கை நாலு முறை அடித்துவிட்டு ஐந்தாவது முறை சரியாகப் போடுகிற பிள்ளை இருக்கும், ஒரு அடித்தலும் இல்லாமல் அழகான கையெழுத்தில் தப்பாகப் போடுகிற பிள்ளையும் இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் இரண்டாவது நோட்டைத்தான் எல்லோரும் புகழ்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடலை விழுதில் கிருமி இருப்பதாக முதல் சோதனையில் வந்தது, மேனேஜர் வேறொரு டப்பாவை வேறு இடத்தில் சோதித்து நல்லபடியாக வந்துவிட்டது என்கிறார், திங்கட்கிழமை கூட்டத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும். விசா இந்த வேலையை நம்பித்தான் இருக்குதும்மா, போட்டுடட்டுமா என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். போடாதே.

இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். உன் சித்தப்பா மகள் புவனேஸ்வரியின் நிச்சயதார்த்தம் நம் வீட்டில் நடந்தபோது நீ இன்ஜினியரிங் முதல் வருஷ லீவில் வந்திருந்தாய். சமையலுக்குத் தாமலிலிருந்து கோதண்டபாணி வந்திருந்தார். கேசரி கிளறிக்கொண்டே, டீச்சரம்மா, கலர் எடுத்துத் தாங்க என்று குரல் கொடுத்தார். சாயப்பட்டறை வைத்திருக்கிற வீட்டில் கலர் என்றால் வேறு என்ன. அலமாரியில் அப்பா வைத்திருந்த மஞ்சள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். கேசரி தகதகவென்று வந்தது, மாப்பிள்ளை வீட்டார் எட்டி எட்டிப் பார்த்தார்கள். உன் விரலில் பட்ட மஞ்சள் மூன்று தரம் சோப்புப் போட்டும் போகவில்லை, இது பட்டுக்குப் போடறது என்று சொல்லி அத்தனை பேர் முன்னால் அண்டாவோடு சாக்கடையில் கவிழ்த்தாய். ஒரு சிட்டிகையில் என்ன ஆயிடப் போவுது என்று உன்னைத் திட்டினேன், வேதியியல் நடத்திய நான்! யார் போட்டது என்று எல்லோரும் கேட்டபோது கோதண்டபாணி என்னை ஒரு தரம் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் நம் தெருவில் யாரும் அவரைச் சமையலுக்குக் கூப்பிடவில்லை. இது உனக்குத் தெரியாது.

புதன்கிழமை தாமலுக்குப் பஸ் ஏறிப் போய் அவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். குடுத்த கை எதுன்னு வாங்கின எனக்குத் தெரியாதா டீச்சரம்மா, எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன், இவ்ளோ நாள் ஆகும்னு நெனைக்கல என்றார். பிறகு, பாப்பா இன்னும் கொட்டிக்கினுதான் இருக்குதா என்று கேட்டார். கொட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், இப்போது டன் கணக்கில் கொட்டுகிறாள் என்றேன். அங்கிருந்து நேரே உன் அத்தை வீட்டுக்குப் போய் அந்தக் கேசரி விஷயத்தையும் சொன்னேன், ஆமாம் அண்ணி, என் பொண்ணு ஊரான் சோத்தைத்தான் மோந்து பார்க்கிறாள், அன்றைக்கு உங்கள் சோற்றையும் சேர்த்துத்தான் பார்த்தாள் என்றேன். காபிகூடக் கொடுக்கவில்லை. பரவாயில்லை, நடந்தே வீட்டுக்கு வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

வேலை போனால் போகட்டும். விசா போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, யார் என்ன கேட்டாலும் இனி நான் ரசம் தேடிப் போக மாட்டேன். சாயம் நிற்காத நூலை ஒரு நாளும் பட்டறையை விட்டு அனுப்பியதில்லை என்று எழுதச் சொல்கிறார் அப்பா, எழுதிவிட்டேன். காமாட்சி உன் பக்கம் நிற்பாள், நீ தீர்க்காயுசாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

திங்கட்கிழமை ஏன் போடவில்லை என்று கேட்டால் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல், சொன்னதும் வாயை மூடிக்கொண்டு அவர்கள் பேசும்வரை சும்மா உட்கார்ந்திரு.

உன் அம்மா,
சி. அம்சவேணி