காமாலைக்குப் போட்ட சூடு

நாகரசம்பட்டி
14-7-1968

அன்புள்ள ருக்குவுக்கு,

சாராள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகம்தானே? ஜூஜுவாடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவளுக்குக் கன்னடம்தான் வாயில் வருகிறது, தமிழ் எழுத்தே மறந்துபோயிற்று என்று வைத்துக்கொள்ளட்டுமா? ஒரு கார்டு போடக்கூடாதா?

உன் பேச்சுக்காகத்தான் உன் அண்ணன் கோவிந்தப்பன் தோட்டத்து வீட்டை எனக்குக் குடியிருக்கக் கொடுத்தார். மாம்பழமும் கூடை கூடையாக வருகிறது. குறை ஒன்றும் இல்லை.

அவர் மகள் முனிலட்சுமி என் மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். கெண்டைக்காலில் சூட்டுத் தழும்புகள். கேட்டதற்கு, காமாலைக்குப் போட்டது என்றாள். டிரெயினிங் ஸ்கூல் ஹாஸ்டலில் உன் காலைப் பார்த்துக் கேட்டபோது நீயும் அதையேதான் சொன்னாய். அதனால் நானும் விட்டுவிட்டேன்.

ஆனாலும் மனது உறுத்துகிறது. போன மாதம் எல்லப்பன் மகனுக்குக் காமாலை வந்து மணிக்கட்டில் சூடு போட்டார்கள். ஒரே ஒரு சூடு, ஆறிவிட்டது. இவளுக்கு ஒன்று ஆறுவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று சிவந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டில் பாதியை ராத்திரிக்கென்று இலையில் மடித்துக்கொண்டு போகிறாள். மாந்தோப்பு வீட்டுப் பிள்ளை, ருக்கு. உன் அண்ணி இறந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது? உனக்குத் தெரியாமல் இருக்குமா?

உன் பிரியமுள்ள,
சாராள்


ஜூஜுவாடி
22-7-1968

என் அன்புச் சாராளுக்கு,

ருக்மணி எழுதிக்கொண்டது. நாங்கள் சௌக்கியம். வாசலிலேயே ரோடு, லாரிச் சத்தத்தில் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத முடிவதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

சூடு போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். காமாலைக்கும் போடுவார்கள், சளிக்கும் போடுவார்கள். கிருஷ்ணகிரி டவுனில் வளர்ந்த உனக்கு அது புதிதாக இருக்கும். அண்ணன் எங்கள் அப்பாவைப் போலக் கண்டிப்பானவர். தாயில்லாத பெண்ணை அடக்கி வளர்க்காவிட்டால் நாளைக்கு ஊர் யாரைப் பேசும்? இதை வேறு யாரிடமும் சொல்லி வைக்காதே. நீ குடியிருப்பதும் அவர் வீட்டில்தான்.

இவர் குந்தாரப்பள்ளி சந்தைக்கு வரும்போது வேர்க்கடலை கொடுத்தனுப்புகிறேன். வறுத்துத் தின்றுவிட்டுக் கண்டதையும் நினைக்காமல் தூங்கு.

உன்,
ருக்கு


கிருஷ்ணகிரி
5-8-1968

அன்புள்ள ருக்குவுக்கு,

கடலை வந்தது. தின்ன மனம் வரவில்லை.

வியாழக்கிழமை குழந்தை நொண்டிக்கொண்டு வந்தாள். புதுக் காயம், சீழ் வைத்திருந்தது. மறுபடியும் காமாலையா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். கொடம் ஒடஞ்சிபோச்சி. அதுக்குப் போட்டாரு எங்கப்பா."

மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். பெரிய வீட்டு விவகாரம், நமக்கெதற்கு என்றார். நானே அவளைப் பஸ் ஏற்றி இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். டாக்டர் பார்த்து, பழைய காயமும் புதுக் காயமுமாகக் கரண்டியால் சுட்டவை என்று எழுதினார். அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய்.

உன் அண்ணன் என் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டார். அது போகட்டும். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உறவுக்காரர் யாராவது பொறுப்பேற்றால் அவர்களோடு அனுப்புவார்களாம். யாரும் வராவிட்டால் அப்பாவிடமே திரும்பிப் போனாலும் போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ருக்கு. ஆனால் வா.

சாராள்


ஜூஜுவாடி
19-8-1968

சாராளுக்கு,

முனிலட்சுமி இப்போது என்னிடம் இருக்கிறாள். இவர்தான் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தார். நான் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றுதான் வரவில்லை. அண்ணன் இனிமேல் எனக்குப் பிறந்த வீடு கிடையாது என்று ஆள்விட்டுச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் கௌரி பண்டிகைக்கு எனக்குச் சீர் வராது. அதற்கு நீதான் காரணம். கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

நேற்று அவள் கையிலிருந்து சொம்பு நழுவி விழுந்தது. பித்தளைச் சொம்பு, ஒன்றும் ஆகவில்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவளாகவே அடுப்பருகே போய், பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். அழவில்லை. சீக்கிரம் ஆகட்டும் என்பதுபோல நின்றாள்.

நானும் அப்படித்தான் நிற்பேன், எங்கள் அப்பாவுக்கு.

எனக்குக் காமாலை வந்ததே இல்லை, சாராள்.

அவளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க டி.சி. கேட்கிறார்கள். தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டுவா.

ருக்கு